கேட்டால்தான் துடக்கு

2024 அக்டோபர் 27, ஞாயிறு. ஓஸ்டர்முண்டிகன்

குளிர்காலத்துக்கு மணிக்கூட்டு நேரம் மாற்றிய நாள். ஒரு மணித்தியாலம் கூடக் கிடைத்தது, அதையும் நித்திரையே தின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது என்றபடியால் உடுப்புத் தோய்க்க ஏலாது, வீடு கூட்டுகிற மெஷினைப் போட ஏலாது. போட்டால் கீழ் வீட்டு மனிசி தும்புத்தடியால் முகட்டில் இடிப்பாள். கிடந்த உடுப்புகளை ஸ்திரிப்பெட்டியால் மினுக்கி மடித்தேன்.

ஜப்பான் போக இன்னும் இரண்டு கிழமை இல்லை. எங்கள் முப்பதாவது கலியாண நாளுக்குப் பிள்ளைகள் கோபிசனும் வேணுகாவும் சேர்ந்து தந்த பரிசு. தெற்குப் பக்கத்துக் கடைசித் தீவில், மலைக்குள், தகாச்சிஹோ என்று ஒரு சின்ன ஊர். வேணுகா போன வருடம் சிநேகிதிகளோடு போய் வந்தவள். "அம்மா, மலை, ஆறு, கோயில். உங்களுக்கெண்டே செய்து வச்ச ஊர்" என்கிறாள். சுவிஸில் இருந்துகொண்டு மலை பார்க்க ஜப்பானுக்குப் போகிற விசரர் நாங்களாகத்தான் இருப்போம். மைரிங்கனில் ஆரெ ஆறு மலையைப் பிளந்துகொண்டு ஓடுகிற இடம் ரெயிலில் ஏறினால் வந்துவிடும். அதையே நாங்கள் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

எங்கேதான் சேர்ந்து போனோம்? இவருக்குப் பாண் சுடுகிற வெதுப்பகத்தில் வேலை. விடிய முன்னம் எழும்பிப் போய், மத்தியானம் வந்து படுப்பார். எனக்கு ஆஸ்பத்திரிக் குசினியில் பின்னேர வேலை. பிள்ளைகள் தனிய நிற்கக்கூடாது என்று நாங்களே கேட்டு வாங்கிய மாற்று வேலை அது. பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள், வேலை நேரம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இவர் நித்திரை கொள்ளுகிற முகம்தான் எனக்கு நல்ல பழக்கம்.

இப்போது இவருக்குப் பென்சன் வருகிறது. வந்ததும் இணுவிலுக்குப் போய் இருக்க வேண்டுமாம். அங்கே இவருடைய அண்ணை தனிய இருக்கிறார். குகநாதன் அத்தான். மச்சாள் செத்த பிறகு அந்தப் பெரிய வீட்டில் ஒரு மனிசன். மகன் சாயிசன் கொழும்பில். வேலையால் வந்து படுக்க முன்னம் இவர் ஒருநாளும் தவறாமல் அண்ணைக்குப் போன் எடுப்பார். என்னோடு கதைத்ததைவிட அண்ணையோடு கதைத்தது கூட.

"இஞ்சாரும், நீரும் வந்தாத்தான் போறது. நல்லா யோசிச்சு ஜப்பானால வந்து சொல்லும்" என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது? எனக்கு இணுவில் வேண்டாம். அது இவருடைய ஊர், என்னுடையது இல்லை. கலியாணம் கட்டி இரண்டு மாதம் அங்கே மருமகளாக இருந்ததே காணும். ஆனால் அதை முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை.

நவம்பர் 2, சனி

வேலையில் மதுஜா கேட்டாள்: "அக்கா, பத்து நாளும் ரெண்டு பேரும் என்னத்தைக் கதைக்கப் போறியள்?" பகிடிக்குத்தான் கேட்டாள். எனக்கு வீடு வந்து சேரும் வரைக்கும் அதே யோசனை.

நவம்பர் 8, வெள்ளி

இவருடைய கடைசி வேலை நாள். மிச்ச லீவையெல்லாம் சேர்த்து எடுத்தபடியால் ஜப்பானால் வந்தால் நேரே பென்சன். வெதுப்பகத்து ஆட்கள் பெரிய பின்னல் பாண் ஒன்றில் மாவாலேயே 'சச்சி' என்று இவர் பெயரை எழுதிச் சுட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதை மேசையில் வைத்துவிட்டுக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்ட விடவில்லை.

பெட்டி அடுக்கினேன். மிளகாய்த்தூள், அரிசிமா, ஊறுகாய், சின்ன ரைஸ் குக்கர். ஜப்பானுக்கு அரிசிச் சட்டி கொண்டு போகிறாயா என்று வேணுகா போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும்.

நவம்பர் 10, ஞாயிறு. தோக்கியோ

பிளேனில் இருந்ததில் இடுப்பு, நாரி எல்லாம் முறிந்துவிட்டது. நாளைக்கு எழுதுகிறேன்.

நவம்பர் 12, செவ்வாய். தகாச்சிஹோ

குமமோத்தோவிலிருந்து பஸ். ஏறினது தொடக்கம் வளைவுதான். இவர் யன்னலோரம் இருந்து ஒவ்வொரு மலையையும் "இது எங்கட பேர்ணர் ஓபர்லாண்ட் மலை மாதிரி, ஆனா பனி இல்லை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மலையெல்லாம் மஞ்சளும் சிவப்பும். வடிவுதான், இல்லை என்று சொல்லேன்.

ஊர் சின்னது. ஒரு பெரிய தெரு, ஒரு பெற்றோல் நிலையம், பூட்டிக் கிடக்கிற கடைகள். முந்தி ரெயில் வந்ததாம். புயல் பாலத்தை அடித்துக்கொண்டு போன பிறகு விட்டுவிட்டார்கள். வீடுகளின் வாசலில் எல்லாம் வைக்கோல் கயிறு கட்டி, அதிலே வைக்கோல் தொங்குகிறது. எங்கள் தோரணம் மாதிரித்தான். வருடம் முழுக்க அவிழ்க்க மாட்டார்களாம்.

நாங்கள் நிற்பது தொமிதாகா என்கிற அம்மாவின் வீடு. விருந்தினர்களுக்கு நாலு அறை வைத்திருக்கிறா. அவ தன் போனுக்கு ஜப்பான் மொழியில் சொல்ல, போன் எனக்கு ஜெர்மனில் சொல்ல, நான் இவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். இவருக்கு ஜெர்மன் தெரியாதா என்ன? வெதுப்பக ஜெர்மன் மட்டும்தானாம், மிச்சமெல்லாம் என் தலையில். என் ரைஸ் குக்கரைக் கண்டதும் அந்த அம்மா சிரிக்கவில்லை. ஒரு பக்கமாக மேசை போட்டு, செருகி வைத்துத் தந்தா. எனக்கு அவவைப் பிடித்துக்கொண்டது.

நவம்பர் 13, புதன்

ஆறு பார்க்கப் போனோம். மலையைக் கத்தியால் கீறினது போல ஒரு பிளவு. இரண்டு பக்கமும் கல் நேரே எழும்பி நிற்கிறது, பனங்கிழங்கைக் கட்டுக் கட்டாக நிறுத்தி வைத்த மாதிரி. நடுவிலே பச்சைத் தண்ணீர், மேலேயிருந்து ஒரு அருவி விழுகிறது. வேணுகா முன்கூட்டியே ஒரு வள்ளம் பதிந்து வைத்திருந்தாள்.

நாங்கள் நினைத்தது வள்ளக்காரன் ஒருவன் வருவான் என்று. துடுப்பை இவர் கையில் கொடுத்துவிட்டார்கள். இணுவிலில் ஏது கடல், ஏது ஆறு? கிணறுதான். இவர் ஒரு பக்கம் வலிக்க, வள்ளம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. மற்றப் பக்கம் வலிக்க, பின்பக்கமாகப் போய்ப் பாறையில் இடிக்கிறது. தாய்வான் பிள்ளைகள் இரண்டு பேர் தங்கள் வள்ளத்திலிருந்து கை தட்டினார்கள். "என்னப்பா, மா குழைக்கிற மாதிரி வலிக்கிறியள்!" என்று கத்தினேன். "அப்ப நீர் வாரும், வந்து வலியும்!" என்றார். நானும் ஒரு துடுப்பைப் பிடித்தேன். இரண்டு பேருமாகச் சேர்த்து நேரே அருவிக்குள் கொண்டுபோய் விட்டோம். தலையிலிருந்து கால் வரைக்கும் தோய்ந்து போனோம்.

இவர் சிரித்த சிரிப்பு! பல் தெரிய, கண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. இவருக்கு மேல் பல்லில் ஒன்று சாய்ந்திருப்பதை இன்றைக்குத்தான் கண்டேன் என்றால் ஆர் நம்புவார்கள்? எனக்கும் சிரித்து நாரி நொந்து போயிற்று.

வெந்நீரில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் இவர் வெளியே குளிருக்குள் நின்று போன் கதைத்துக்கொண்டிருந்தார். கனநேரம். உள்ளே வந்ததும் "அண்ணைதான். சுகமா இருக்கிறாராம்" என்றார். உடனே படுத்துவிட்டார்.

நவம்பர் 14, வியாழன்

சூரியன் ஒளிந்த குகைக் கோயிலுக்குப் போனோம். இங்கே சூரியன் பெண் தெய்வம். தம்பிக்காரன் செய்த குழப்படியில் கோபித்துக்கொண்டு குகைக்குள் போய்க் கல்லால் மூடிக்கொண்டாவாம். உலகம் இருண்டு போயிற்று. மற்றச் சாமிகள் எல்லாம் வெளியே கூடி ஆடிப் பாடிச் சிரிக்க, என்னடா இது பகிடி என்று கல்லை நீக்கி எட்டிப் பார்த்தாவாம். பிடித்து வெளியே இழுத்துவிட்டார்கள். குகை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, கிட்டப் போக விடமாட்டார்கள். இந்தப் பக்கத்தில் நின்று கும்பிட வேண்டும்.

"உம்மைப் போல" என்றார் இவர்.

"நான் கதவைப் பூட்டினா நீங்கள் ஆடமாட்டியள். படுத்து நித்திரை கொள்ளுவியள்" என்றேன்.

அதற்கும் சிரித்தார். இந்த மனிசனுக்கு என்ன நடந்தது?

நாளைக்கு மழையாம். நாளை மறுநாள் ஊருக்கு நடுவிலுள்ள பெரிய கோயில். அங்கே அடி சேர்ந்து நிற்கிற இரண்டு மரம் இருக்கிறதாம், புருசன் பெண்சாதி என்று பெயர். கட்டினவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று தரம் சுற்றினால் குடும்பம் நல்லாயிருக்குமாம். சுற்றிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி வேணுகாவின் கட்டளை. "இந்த வயசில கையைப் பிடிச்சுக்கொண்டோ?" என்று இவருக்கு வெட்கம். போக மாட்டேன் என்று சொல்லவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

சாயிசன் போன் எடுத்தவன். இவர் வெளியில நடக்கப் போன நேரம்.

குகநாதன் அத்தான் போயிட்டார். நேற்றுப் பின்னேரம். கதிரையில இருந்தபடியே. பக்கத்து வீட்டு ஆக்கள் விளக்கு எரியேல்லை எண்டு வந்து பாத்தவையாம்.

"இண்டைக்கே பிரேதம் எடுக்கிறம் சித்தி. சித்தப்பாவால வந்து சேர ஏலாது. சும்மா அந்த மலைக்குள்ள நிண்டு அந்தரப்படுவார். சுவிஸுக்குப் போன பிறகு ஆறுதலாச் சொல்லுங்கோ" எண்டவன். ஓம் எண்டு சொல்லிப்போட்டன். வேற என்ன சொல்ல?

முதல் வந்த நினைப்பையும் எழுதத்தான் வேணும். எழுதாட்டி நான் ஆர்? 'இனி இணுவிலுக்குப் போகத் தேவையில்லை.' அதுதான் முதல் வந்தது. அழுகை அதுக்குப் பிறகுதான் வந்தது. சீ, என்ன மனிசி நான்.

அத்தான் எனக்கு ஒரு கெடுதியும் செய்யாதவர். கலியாணம் கட்டிப் போன புதிதில் மாமி என்னை முறைத்த நேரமெல்லாம் "அம்மா, சின்னப் பிள்ளையெல்லோ, விடுங்கோ" என்று சொன்ன ஒரே ஆள்.

பிறகு, கொஞ்சம் ஆறியிருந்து எழுதுவது:

இவருக்குச் சொல்லவில்லை. செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் துடக்கு, சாவுத் தீட்டு. கேளாத ஆளுக்கு இல்லை. அதனால்தானே எங்கள் சனம் கலியாண வீட்டில் தாலி ஏறும் வரைக்கும் சாவுச் செய்தியை வாய்க்குள் வைத்திருக்கிறது. நான் கேட்டுவிட்டேன், எனக்குத் துடக்கு. இவர் கேட்கவில்லை. நாளைக்கு அந்தப் பெரிய கோயிலுக்கு இவர் போய்க் கும்பிடட்டும். நான் ஏதாவது சாட்டுச் சொல்லி வெளியில் நிற்கலாம். இரண்டு நாளாகத்தான் சிரிக்கிறார். இன்னும் ஒரு நாள் சிரிக்கட்டுமே.

இவருக்காகத்தான் மறைக்கிறேனா, எனக்காகவா? இப்போது சொன்னால் "உடனே இணுவிலுக்குப் போவம்" என்பாரே என்று பயமா? தெரியவில்லை.

பின்னேரம் செத்தவீட்டை நேரலையில் போட்டார்கள். இவர் தபாற்கந்தோர் பக்கம் போய் வருகிறேன் என்று தானாகவே வெளிக்கிட்டது நல்லதாகப் போயிற்று. குளிப்பறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, சத்தத்தை நிற்பாட்டிவிட்டுப் பார்த்தேன். அத்தானுக்குப் பட்டு வேட்டி கட்டி, திருநீறு பூசியிருந்தார்கள். மெலிந்து போயிருந்தார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முழு மீன் பொரித்து வைத்திருந்தா அந்த அம்மா. துடக்கோடு மச்சம் எப்படித் தின்கிறது? என் மீனை இவர் பக்கம் தள்ளினேன். "எனக்கு வயிறு சரியில்லை, நீர் சாப்பிடும்" என்று இவர் தன்னுடையதையும் என் பக்கம் தள்ளினார். இரண்டு மீனும் மேசை நடுவிலேயே கிடந்தன. தொமிதாகா அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

நவம்பர் 16, சனி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் மழை விட்டிருந்தது. கோயிலுக்கு முன்னால் பெரிய கல் வாசல் ஒன்று. இரண்டு தூணும் மேலே குறுக்குக் கல்லும். தோரீ என்கிறார்கள். அதைத் தாண்டினால் கோயில் எல்லை. சனம் ஒவ்வொருவராக நின்று குனிந்து கும்பிட்டுவிட்டுப் போகிறது. வாசலுக்கு முன்னால் நான் நின்றேன். இவரும் நின்றார்.

"நீங்கள் உள்ள போட்டு வாங்கோப்பா. எனக்குத் தலை சுத்துது" என்றேன்.

"நீர் போட்டு வாரும். எனக்கு முழங்கால் நோகுது" என்றார்.

"அண்டைக்கு ஆத்தடியில இருந்து அவ்வளவு படியும் ஏறின முழங்காலோ?"

"அதுதான் இப்ப நோகுது. நீர் போம். வேணுகா கேட்பாள்."

"வேணுகா கேட்டது ரெண்டு பேரும் நிக்கிற படம். நான் மட்டும் போய் ஆற்ற கையைப் பிடிக்கிறது?"

"அப்ப சும்மா கும்பிட்டுட்டு வாரும்."

"நீங்கள் கும்பிடுங்கோ!"

குரல் கொஞ்சம் கூடிவிட்டது. நாங்கள் சண்டை பிடிக்கிறோம் என்று நினைத்தோ என்னவோ ஒரு வயதான ஜப்பான் மனிசன் கிட்ட வந்து, என் கையிலிருந்த போனைக் காட்டி, படம் எடுத்துத் தருகிறேன் என்று சைகை செய்தார். கொடுத்தேன். வாசலுக்கு நேர் கீழே போய் நில்லுங்கோ என்று கையைக் காட்டினார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்பக்கமாக நகர்ந்தோம்.

அப்போதுதான் இவர் முகத்தைப் பார்த்தேன். சவரம் செய்யவில்லை. முதல் நாளும் செய்யவில்லை. காய்ச்சலோடு வேலைக்குப் போன நாளிலும் சவரம் செய்யாமல் வெளிக்கிடாத மனிசன். வெள்ளை மயிர் குத்திக்கொண்டு நிற்கிறது. செத்தவீட்டுக்காரர்தான் இப்படி நிற்பார்கள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்குத் தெரியுமோ?"

"என்னது?"

"அத்தான்…"

என்னை முழிசிப் பார்த்தார். "உமக்கு ஆர் சொன்னது?"

சுவிஸில் ஆராவ் நகரத்திலிருக்கிற இவருடைய மச்சான் தவராஜா வெள்ளி காலையே போன் எடுத்திருக்கிறார். "மனிசிக்கு இப்ப சொல்லாதை, பயணம் முடியட்டும்" என்றாராம். நான் அறையில் சாயிசனுக்கு ஓம் சொல்லிக்கொண்டிருந்த நேரம் இவர் தெருவில் நின்று தவராஜாவுக்கு ஓம் சொல்லியிருக்கிறார். இவருக்கும் அதே கணக்குத்தான்: தனக்குத் துடக்கு, எனக்கு இல்லை, நானாவது உள்ளே போய்க் கும்பிட்டு வரட்டும். நேற்றுப் பின்னேரம் தபாற்கந்தோருக்குப் போகவில்லையாம். பஸ் நிலையத்து மர வாங்கில் குந்தியிருந்து செத்தவீடு பார்த்தாராம், காதில் வயரைச் செருகிக்கொண்டு. நான் சத்தமில்லாமல் பார்த்ததை இவர் சத்தத்தோடு பார்த்திருக்கிறார்.

"சாயிசன் கொள்ளி வைக்கேக்கை கை நடுங்கினது, பாத்தனீரோ?" என்று கேட்டார்.

"ஓம், பாத்தன்" என்றேன்.

அவ்வளவுதான். வாசலுக்கு வெளியே ஒரு கல் மதில், அதில் இருந்துவிட்டார். அழுதார். சத்தம் போட்டு, "அண்ணை, அண்ணை" என்று, சின்னப் பிள்ளை மாதிரி. நான் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவினேன். நானும் அழுதேன். சனம் எங்களைப் பார்க்காதது போலக் கடந்து போயிற்று. படம் எடுக்க வந்த மனிசன் போனை இரண்டு கையாலும் நீட்டித் தந்து, குனிந்து, உள்ளே போகாமல் திரும்பிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து தொமிதாகா அம்மாவிடம் சொன்னேன். இவருடைய அண்ணை செத்துவிட்டார், அதுதான் மீன் சாப்பிடவில்லை, கோயிலுக்குள்ளும் போகவில்லை என்று. போன் அதைச் சொல்லி முடிக்க முன்னமே அவவுக்கு விளங்கிவிட்டது. தன் தாய் கோடையில் செத்தவவாம். தானும் தோரீக்குக் கீழே போகாமல் நாள் எண்ணிக்கொண்டிருந்தாவாம். குளிர் காலத்தில் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு விடிய விடியச் சாமி ஆட்டம் நடக்கும். இந்த வருடம் தங்கள் வீட்டில் இல்லை என்று சொல்லி, வைக்கோல் கயிறு கட்டாத வாசலைக் காட்டினா. நான் அவவுக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பேர்ணில் முப்பது வருடமாக ஒரு சுவிஸ் மனிசிக்கும் விளங்கப்படுத்த முடியாத விசயம்.

இரவுக்குச் சோயா, கிழங்கு, கீரை மட்டும் வைத்தா. இவர் கொஞ்சம் சாப்பிட்டார்.

நவம்பர் 17, ஞாயிறு. பஸ்ஸில்

"இணுவில் கதைக்கு இனி நீர் பதில் சொல்லத் தேவையில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு கதை கதைத்திருப்பேன்.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பஸ் வளைகிறது, இவர் மலைகளைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார்.

நவம்பர் 19, செவ்வாய். ஓஸ்டர்முண்டிகன்

வந்து சேர்ந்தோம். மழை. பின்னல் பாண் மேசையில் கல்லாகிக் கிடந்தது. பின்னேரம் இவர் போனைக் கையில் எடுத்தார், யோசித்தார், திரும்ப வைத்தார்.

நவம்பர் 21, வியாழன்

இன்று அத்தானின் எட்டாம் நாள். அத்தானின் படத்துக்கு முன்னால் படைத்தோம். பிள்ளைகள் வந்தார்கள். ஆராவிலிருந்து தவராஜா வந்தார். கோப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது தவராஜா சாதாரணமாகச் சொன்னார்: "சாகிறதுக்கு முதல் நாள் குகண்ணை எனக்கும் எடுத்துக் கதைச்சவர். சச்சி வரேல்லையாம், அவன் அங்கயே இருக்கட்டும், பிள்ளையளைப் பாக்க வேணுமெல்லோ எண்டு சொன்னவர். ஒரு கோபமும் இல்லை பாருங்கோ."

நான் கோப்பியை மேசையில் வைத்தேன். சாகிறதுக்கு முதல் நாள் என்றால் நாங்கள் வள்ளத்தில் போன நாள்.

எல்லோரும் போகும் வரைக்கும் பொறுத்திருந்து கேட்டேன். "அண்டைக்கு வெளியில நிண்டு அதையோ கதைச்சனீங்கள்? நான் இன்னும் பதில் சொல்லேல்லையே!"

"சொல்லத்தான் வேணுமோ? வழமையா உம்மை நான் பாக்கிறது படுத்திருக்கேக்கை. ரெண்டு நாள் பகல் முழுக்கப் பாத்தாப்பிறகு தெரியாதே? நான் இணுவில் எண்டு வாய் திறந்த உடன உம்மட முகம் போன போக்கு…"

"அதுக்கு அத்தான் என்ன சொன்னவர்?"

"சிரிச்சவர். முன் அறைக்கு எங்களுக்கெண்டு வெள்ளை அடிச்சு, கட்டில் போட்டு வச்சவராம். 'அப்ப நான் அதைப் பூட்டிவிடட்டே, தூசி அடையுது' எண்டு கேட்டவர். ஓம் எண்டன்."

நான் குசினிக்குள் போய்க் கோப்பைகளைக் கழுவினேன். கழுவின கோப்பைகளையே திரும்பவும் கழுவினேன். எனக்கு இவரில் கோபம். என்னைக் கேட்காமல் எனக்காக முடிவெடுக்க இவர் ஆர்? அத்தானில் கோபம், வெள்ளை அடித்து வைத்ததற்கு. எல்லாவற்றையும்விட என்னில்தான். வாயைத் திறந்து ஓம் என்றோ இல்லை என்றோ நேரத்தோடு சொல்லியிருந்தால், அந்த மனிசன் கடைசி நாளில் அறையைப் பூட்டியிருக்க மாட்டார், அல்லது எப்போதோ பூட்டி ஆறியிருப்பார்.

நவம்பர் 27, புதன்

பின்னேர வேலைக்கு வெளிக்கிடும்போது இவர் சோபாவில் இருந்தார். வேலை முடிந்து வரும்போதும் அதே சோபா, அதே பக்கம். ரீவி ஓடவில்லை. சாப்பிட்டீங்களா என்றதற்கு "பசிக்கேல்லை" என்றார். அந்த வீட்டை என்ன செய்கிறது என்று சாயிசன் கேட்டானாம். விற்கச் சொன்னாராம். என்னிடம் சொல்லும்போது யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

டிசம்பர் 1, ஞாயிறு

எனக்கு இணுவில் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. இவருடைய உறவுக்காரர் வந்து ஊர்க்கதை விடுப்புக் கேட்கிறதும், பின்னேரக் கரண்ட் வெட்டும், எல்லாம். இதை எழுதி வைக்கிறேன், பிறகு நானே எனக்குப் புழுகக்கூடாது.

ஆனால் இவரை இந்தச் சோபாவில் விடவும் ஏலாது.

டிசம்பர் 4, புதன்

காலையில் ஷெஃப்பிடம் போய்ச் சம்பளமில்லாத லீவு கேட்டேன், ஈஸ்டர் வரைக்கும். இத்தனை வருடத்தில் நான் அவளிடம் லீவு கேட்டதே குறைவு. ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, "போ, நாயகி. ஆனால் திரும்பி வா" என்றாள். வருவேன். என் பிள்ளைகள் இங்கேதான்.

வீட்டுக்கு வந்தபோது இவர் அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போக டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு மட்டும், நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம் திரும்புகிற மாதிரி.

"ரெண்டு போடுங்கோ" என்றேன்.

"உமக்கு வேலையெல்லோ?"

"கேட்டுப்போட்டன். சித்திரையில திரும்பி வாற மாதிரிப் போடுங்கோ. ரெண்டு பேருக்கும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் குசினிக்குள் போய்ப் போனை எடுத்து சாயிசனுக்கு அடித்தேன். "வீட்டை விக்கிற கதையை இப்ப விடு. முன் அறையைத் திறந்து கூட்டி, யன்னலைத் திறந்து வை. நாங்கள் பத்தாம் திகதி வாறம்" என்றேன். "சரி சித்தி" என்றான்.

இவர் குசினி வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார்.

"உமக்கு நுளம்பு கடிக்கும்" என்றார்.

"கட்டிலுக்கு வலை கட்டித் தாங்கோ" என்றேன்.